நான்கு, இருபது, எண்பது, முந்நூற்றிருபது

வந்தவாசி வட்டத்துத் தேசூரிலும், ஆரணிப் பட்டு நெய்யும் மற்ற ஊர்களிலும், தறியில் ஏறிய சேலை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டால், “முக்காலே மூணு வீசம் முடிஞ்சது” என்று ஒரு பெரியவர் சொல்லக்கூடும். கேட்பவருக்கு உடனே விளங்கிவிடும்: கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ஆனால் அது குத்துமதிப்பாகச் சொல்லும் வழக்கு அல்ல, துல்லியமான ஓர் எண். முக்கால் என்பது 3/4. வீசம் என்பது 1/16. மூன்று வீசம் 3/16. இரண்டையும் கூட்டினால் 15/16. ஐந்தரை மீட்டர்ச் சேலையில் இனி நெய்ய வேண்டியது சுமார் 34 சென்டிமீட்டர்தான்.

இந்தப் பேச்சுக்கு அடியில் ஒரு முழு எண்முறை இருக்கிறது. ஒன்றுக்கு மேலே போகும்போது பத்து, நூறு, ஆயிரம் என்று ஏறிய தமிழர்கள், ஒன்றுக்குக் கீழே இறங்கும்போது பத்தைப் பற்றிக்கொண்டு இறங்கவில்லை. நான்கு, இருபது, எண்பது, முந்நூற்றிருபது என்று வேறொரு படிக்கட்டு வழியாக இறங்கினார்கள். இதே படிகளில் வங்காளத்துச் சோழிக் கணக்கு மேலே ஏறியது. மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், சில லட்சம் பேர் மட்டுமே பேசும் சுப்யிரே என்ற மொழியும் இருபதிலிருந்து எண்பதுக்குத்தான் ஏறுகிறது. கடல் கடந்த ஊர்கள் ஒரே எண்ணில் வந்து சந்திப்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் எண் என்பதைப் பற்றியே நமக்கு ஒரு பாடம் சொல்கிறது.

இறங்கும் படிகள்

ஒன்று என்ற முழுமையை நான்காக்கினால் கால். காலை ஐந்தாக்கினால் மா, அதாவது 1/20. மாவை நான்காக்கினால் காணி, 1/80. காணியை நான்காக்கினால் முந்திரி, 1/320. நான்கு, ஐந்து, நான்கு, நான்கு. நான்கே பிரிவுகளில் ஒன்று 320 துண்டுகளாகிவிட்டது.

இடையில் வருவனவற்றுக்கும் பெயர் உண்டு. இரண்டு முந்திரி அரைக்காணி. இரண்டு காணி அரைமா, மூன்று காணி முக்காணி. இரண்டு மா இருமா, அது சரியாக 1/10. நான்கு மா நாலுமா, அது 1/5. ஐந்தாவது மா சேர்ந்ததும் கால். பிறகு அரை, முக்கால், ஒன்று. பூஜ்யத்திலிருந்து 319 வரை எத்தனை முந்திரியைச் சொன்னாலும் அதற்கு இந்தப் பெயர்களால் ஒரே ஒரு வடிவம்தான் உண்டு. 137/320 என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 முந்திரி எடுத்தால் ஒரு கால். மிச்சம் 57. அதில் 48 எடுத்தால் மூன்று மா. மிச்சம் 9. அதில் 8 எடுத்தால் அரைமா. மிச்சம் ஒரு முந்திரி. ஆக, கால், மூன்று மா, அரைமா, முந்திரி.

கணித மொழியில் இது கலப்பு அடிமான முறை. ஒவ்வொரு படிக்கும் தனித்தனி அடிமானம். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பதின்ம முறையில் 1/20-ஐ எழுத 0.05 என்று நடுவில் ஒரு பூஜ்யம் வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால் அது 0.5 ஆகிவிடும். தமிழ்ப் பின்னத்தில் ஒவ்வொரு படிக்கும் தனிப்பெயரும் தனிக்குறியும் இருப்பதால், ஒரு படியில் ஒன்றும் இல்லையென்றால் அதைச் சொல்லாமல் விட்டாலே போதும். இடம் காக்கப் பூஜ்யம் தேவைப்படவில்லை.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவர்கள் பயன்படுத்துவது போன்ற கட்டம் போட்ட கிராப் தாளில், 16 கட்ட அகலமும் 20 கட்ட உயரமும் கொண்ட ஒரு செவ்வகம் வரையுங்கள். மொத்தம் 320 கட்டங்கள். முழுச் செவ்வகமும் ஒன்று. ஒரு கட்டம் ஒரு முந்திரி. நான்கு கட்டம் ஒரு காணி. படுக்கையாக ஒரு வரிசை 16 கட்டம்; அது ஒரு மா. ஐந்து வரிசை சேர்ந்தால் கால். செங்குத்தாக ஒரு பத்தி 20 கட்டம்; அது வீசம், 1/16. வீசத்துக்கு மாகாணி என்றும் பெயர். ஏன்? ஒரு வரிசையின் 16 கட்டத்தோடு ஒரு காணியின் 4 கட்டத்தைச் சேர்த்தால் 20 கட்டம். மாவும் காணியும் கூடினால் மாகாணி. படுக்கையில் இருபதாகவும் செங்குத்தில் பதினாறாகவும் பிரிந்த இரண்டு உலகங்களை இந்த ஒரு கூட்டல் இணைத்துவிடுகிறது.

இருபது என்பது எண்ணுகிறவரின் உலகம். கைவிரல், கால்விரல் எல்லாம் சேர்ந்த எண். பதினாறு என்பது பகிர்கிறவரின் உலகம்; பாதி, பாதியில் பாதி என்று நான்கு முறை பிரித்தால் கிடைப்பது. 320-ஐ உடைத்துப் பார்த்தால் 64 × 5. ஒன்றை ஆறு முறை பாதியாக்கலாம். ஆறாவது பாதியான 1/64 கூட மிச்சமின்றி ஒரு காணியும் ஒரு முந்திரியும் ஆகிவிடும். அதோடு ஐந்தாகவும் பிரிக்கலாம், பத்தாகவும் பிரிக்கலாம், இருபதாகவும் பிரிக்கலாம். அறுவடைக் களத்தில் நெல்லைப் பங்கிட்டவருக்கும், பொன்னை நிறுத்தவருக்கும், நிலத்தை மகன்களுக்குப் பிரித்தவருக்கும் இந்த இரண்டு வித்தையும் ஒரே எண்ணுக்குள் கிடைத்தன.

கடுகினும் சிறிய நிலம்

முந்திரியோடு படிக்கட்டு முடிந்துவிடவில்லை. முந்திரியை மறுபடியும் ஒன்று என்று வைத்துக்கொண்டு, அதே பெயர்களைக் ‘கீழ்’ என்ற முன்னொட்டோடு இறக்கினார்கள். கீழ்முக்கால், கீழரை, கீழ்க்கால் என்று போய்க் கீழ்முந்திரி வந்தால் அது 320-இல் ஒன்றின் 320-இல் ஒன்று: 1/1,02,400. தேவைப்பட்டால் இன்னொரு கீழ். அதற்கும் கீழே இன்னொன்று. பதின்மப் புள்ளிக்கு வலப்புறம் நாம் இடங்களைக் கூட்டிக்கொண்டே போவது போல, ஒரே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப வைத்து எண்ணை எவ்வளவு வேண்டுமானாலும் நுணுக்கலாம். குறைந்த குறிகளைக் கொண்டு முடிவில்லாமல் இறங்க வழி கண்டது இந்த முறையின் பெரிய சாதனை.

அதன் உச்சத்தைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பார்க்கலாம். 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் நிலக்கணக்கு அங்கே வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு ஊரின் மொத்த நிலத்திலிருந்து குடியிருப்பு, கோயில், குளம், ஊடே போகும் வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றைக் கழித்து, வரி செலுத்தும் நிலம் எவ்வளவு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கு, வேலி என்ற நில அளவின் 52,42,88,00,000-இல் ஒரு பங்கு வரை இறங்குகிறது.

ஏதோ மிகைக்காகச் சொன்ன எண் போலத் தோன்றும் இதை நம் படிக்கட்டில் வைத்துப் பாருங்கள். 320-ஐ நான்கு முறை பெருக்கினால் 10,48,57,60,000. அதை ஐந்தால் பெருக்கினால் சரியாக 52,42,88,00,000. அதாவது நான்கு கீழ் இறங்கி, அங்கே ஒரு நாலுமா. எண்ணின் உடலிலேயே அதை உண்டாக்கிய முறையின் எலும்புக்கூடு தெரிகிறது. இன்று தஞ்சைப் பக்கம் ஒரு வேலி என்பது ஏறக்குறைய 6.7 ஏக்கர். அந்த அளவில் கணக்கிட்டால் இந்தப் பங்கு அரைச் சதுர மில்லிமீட்டர். ஒரு கடுகு மறைக்கும் இடத்தை விடச் சிறியது.

அவ்வளவு நுணுக்கமாக யாரும் வயலில் கோல் வைத்து அளந்திருக்க முடியாது. இது அளவுகோலின் துல்லியம் அல்ல, கணக்கின் துல்லியம். பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கும்போதும், பங்குக்குள் பங்கு பிரிக்கும்போதும் எண் தானாக நுணுகிக்கொண்டே போகும். சோழர் காலக் கணக்கர்கள் அந்த நுணுக்கத்தை நடுவில் வெட்டி எறியவில்லை. கடைசித் துணுக்கு வரை எழுதிவைத்தார்கள், ஊரறியக் கல்லில் வெட்டினார்கள். அதற்கு ஈடுகொடுக்கும் எண்முறை அவர்கள் கையில் இருந்தது.

தேசூரிலிருந்து வந்தவாசி வழியாக வடகிழக்கே போனால் வரும் உத்திரமேரூரில் பின்னம் ஆட்சி முறைக்குள்ளேயே நுழைந்திருந்தது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள், சபை வாரியங்களுக்கு உறுப்பினராகத் தகுதி சொல்கின்றன. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். வேதப் புலமை கூடுதலாக இருந்தால் அரைக்கால் வேலி, அதாவது 1/8 வேலி போதும். நிலம் உள்ள, கற்ற ஆண்களின் சபை அது. மற்றவர்கள் வெளியே நின்றார்கள். யார் உள்ளே, யார் வெளியே என்ற கோடு ஒரு பின்னத்தால் போடப்பட்டது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. தொண்டை மண்டலத்தில் காணி என்ற பெயர் நிலத்தின் அளவாகவும் நின்றது: 24 அடிக்கு 24 அடி ஒரு குழி, 100 குழி ஒரு காணி, 57,600 சதுர அடி, ஏறக்குறைய 1.32 ஏக்கர். பாரதி பராசக்தியிடம் கேட்ட நிலத்துக்கும் இதுதான் பெயர்.

மாலியில் ஓர் எண்பது

இப்போது மாலிக்குப் போவோம். அந்நாட்டின் தென்கிழக்கே, சிக்காசோ நகரைச் சுற்றிய ஊர்களில் பேசப்படும் சுப்யிரே, செனுஃபோ மொழிக் கூட்டத்தைச் சேர்ந்தது. அதன் இலக்கணத்தை விரிவாக எழுதிய ராபர்ட் கார்ல்சனின் நூல் 1994-இல் வெளிவந்தது. சுப்யிரேயில் ஐந்துக்கு ஒரு சொல், பத்துக்கு ஒரு சொல், இருபதுக்கு ஒரு சொல். அதற்குமேல் நூறுக்குப் போகாமல் எண்பதுக்குப் போகிறது. எண்பதுக்குப் பகுக்க முடியாத தனிச்சொல் இருக்கிறது. அதற்கும் மேலே நானூறு.

799-ஐ அந்த மொழியில் எப்படிச் சொல்வார்கள்? நானூறு, அதோடு நான்கு எண்பது, அதோடு மூன்று இருபது, அதோடு பத்து, அதோடு ஐந்தும் நான்கும். கூட்டிப் பாருங்கள்: 400, 320, 60, 10, 9. சரியாக 799. இதைச் சுற்றிவளைத்த பேச்சு என்று நினைத்தால், நாம் சொல்வதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது என்பதும் ஏழு நூறும் ஒன்பது பத்தும் ஒன்பதும் சேர்ந்த கூட்டல்தான். பழகிய காதுக்குக் கூட்டல் தெரிவதில்லை, அவ்வளவே.

சுப்யிரேக்கு மட்டும் உரிய வழக்கும் அல்ல இது. ஸ்காட்லாந்துப் பயணி மங்கோ பார்க் 1805-இல் நைஜர் ஆற்றங்கரையில் கண்டதை எழுதும்போது, மக்கள் பணமாகப் புழங்கிய சோழிகளை எண்ணுகையில் எண்பதையே நூறாகக் கொண்டார்கள் என்று குறித்திருக்கிறார். மற்றப் பொருள்களை எண்ணும்போது அதே மக்கள் நம்மைப் போன்ற நூறையே பயன்படுத்தினார்கள். ஒரே மக்களிடம் இரண்டு நூறு. எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து நூறே மாறியது.

அந்தச் சோழிகள் பெருமளவில் எங்கிருந்து போயின தெரியுமா? நமக்குப் பக்கத்து மாலத்தீவிலிருந்து. வங்காளத்துக்கு அரிசி வாங்கப் போன அதே சோழி, ஐரோப்பியக் கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் போனது. அங்கே அது மனிதர்களை அடிமைகளாக விலைக்கு வாங்கும் பணமாகவும் பயன்பட்டது. எண்ணின் வரலாறு எப்போதும் தூய்மையானது அல்ல. எண்ணப்பட்டது எது என்பதையும் சேர்த்துத்தான் அதைச் சொல்ல வேண்டும்.

வங்காளத்தில் சோழிக் கணக்கு இப்படி ஓடியது: நான்கு சோழி ஒரு கண்டா. ஐந்து கண்டா இருபது. இருபது கண்டா ஒரு பணம், அது எண்பது சோழி. நான்கு பணம் 320. பதினாறு பணம் ஒரு காகன், அது 1,280. இதற்கு முன்பே, 1150-ஐ ஒட்டி இரண்டாம் பாஸ்கரர் எழுதிய லீலாவதியின் அளவைப் பகுதியிலும் இருபது சோழி ஒரு காகினி, நான்கு காகினி ஒரு பணம் என்ற கணக்கு வருகிறது. நான்கு, இருபது, எண்பது, முந்நூற்றிருபது. தமிழ்க் கணக்கர் ஒன்றிலிருந்து கீழே இறங்கிய படிகளிலேயே வங்க வணிகர் ஒன்றிலிருந்து மேலே ஏறியிருக்கிறார். கண்டா இருக்கும் இடத்தில் கால், இருபது இருக்கும் இடத்தில் மா, பணம் இருக்கும் இடத்தில் காணி, நான்கு பணம் இருக்கும் இடத்தில் முந்திரி. கண்ணாடியில் தெரிவது போன்ற ஒற்றுமை.

இந்தியாவுக்குள் வணிகர்களோடு அளவுகளும் ஊர் ஊராகப் போயிருக்கின்றன. வடமொழி வழக்கில் மாஷகத்தின் காற்பங்கு காகணி, தமிழில் மாவின் காற்பங்கு காணி. ஆனால் சுப்யிரே பேசுகிறவர்களுக்கும் தஞ்சைக் கணக்கருக்கும் உள்ள ஒற்றுமைக்கு அப்படி ஒரு வழியைத் தேட வேண்டியதில்லை. மனித உடலும் மனித வேலையும் போதும். உடல் எண்ணத் தொடங்கினால் ஐந்திலும் பத்திலும் இருபதிலும் வந்து நிற்கிறது. கை பகிரத் தொடங்கினால் பாதி, பாதியில் பாதி என்று நான்கில் வந்து நிற்கிறது. கயிற்றை மடிக்க அளவுகோல் வேண்டாம். தராசின் இரண்டு தட்டில் பொருளைச் சமமாக்க எடைக்கல் வேண்டாம். அளவுகோலும் எடைக்கல்லும் இல்லாமல் எளிதாகச் செய்யக்கூடிய வகுத்தல் பாதியாக்குவது. இருபதும் நான்கும் பெருக்கலில் சந்திக்கும் எண் எண்பது.

வேலை மாறினால் எண்ணும் மாறும் என்பதற்கு நெசவே சாட்சி. தென்னிந்திய நெசவில் பாவு இழைகளைக் கட்டுக்கட்டாகப் பிரித்துப் புஞ்சம் என்று எண்ணினார்கள். சில ஊர்களில் ஒரு புஞ்சத்துக்கு 60 இழை, சில ஊர்களில் 120. துணி எவ்வளவு நெருக்கம் என்பதைப் புஞ்சக் கணக்காலேயே சொன்னார்கள். அறுபதை இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, பத்து, பன்னிரண்டு என எப்படியும் மிச்சமின்றிப் பிரிக்கலாம். இரண்டு பக்கமும் கரை ஒத்து வர வேண்டிய, உடலில் கட்டங்களும் புட்டாக்களும் சமமாக விழ வேண்டிய துணிக்கு இத்தனை வகையாகப் பிரியும் எண் எவ்வளவு உதவும் என்பது தறியில் உட்காருகிறவருக்குத் தெரியும். நூறை மூன்றாகப் பிரித்தால் ஓர் இழை மிஞ்சும். ஒடிசாவின் தென்பகுதியில் வாழும் சவரர்களின் சோரா மொழியோ பன்னிரண்டையும் இருபதையும் சேர்த்தே எண்ணுகிறது. அங்கே 33 என்பது இருபதும் பன்னிரண்டும் ஒன்றும். பத்து மட்டுமே எண்ணுக்கு இயற்கை என்ற நம் நம்பிக்கை இத்தனை இடங்களில் உடைகிறது.

பத்துக்கும் முந்நூற்றிருபதுக்கும் உறவு

அப்படியானால் தமிழ்ப் பின்னமுறை பதின்ம முறையைவிடக் குறைந்ததா, கூடியதா? கணிதம் தெளிவான பதில் தருகிறது. பத்தின் பகா எண் காரணிகள் இரண்டும் ஐந்தும். 320-இன் காரணிகளும் இரண்டும் ஐந்தும்தான். ஆகவே பதின்மத்தில் முடிவுள்ளதாக எழுதக்கூடிய ஒவ்வொரு எண்ணையும் முந்திரிக் கணக்கிலும் முடிவுள்ளதாகச் சொல்லிவிடலாம். அதைத் திருப்பிச் சொன்னாலும் உண்மை. 1/100 வேண்டுமா? மூன்று முந்திரி, கீழ்நாலுமா. ஒரு மாவை ஒரு மாவால் பெருக்கினால் 1/400. அது கீழ்முக்காலும் கீழ்மாவும். காணியைக் காணியால் பெருக்கினால் 1/6,400. அது சரியாக ஒரு கீழ்மா. மறுபக்கம், வீசத்தைப் பதின்மத்தில் எழுத 0.0625 என்று நான்கு இடம் வேண்டும். முந்திரிக்கு 0.003125 என்று ஆறு இடம். எட்டும் எல்லை இரண்டுக்கும் ஒன்றே. பாதியாக்கும் வேலையில் தமிழ்ப் படிக்கட்டு குட்டையானது, பத்தாக்கும் வேலையில் பதின்மம் குட்டையானது.

இரண்டு முறைக்கும் ஒரே பலவீனமும் உண்டு. மூன்றில் ஒன்று இரண்டிலும் முடியாது. பதின்மத்தில் 0.333 என்று ஓடுவது போல, முந்திரிக் கணக்கிலும் கால், மா, அரைமா, அரைக்காணி என்று தொடங்கிக் கீழ், கீழ் என்று முடிவின்றிப் போகும். பழைய கணக்கு நூல்களின் வாய்பாட்டில், கீழ்முந்திரிக்கு அடுத்த படி இம்மி. ஒரு கீழ்முந்திரிக்கு 21 இம்மி. ஆக இம்மி என்பது 1/21,50,400. இருபத்தொன்று ஏன்? அதன் காரணிகள் மூன்றும் ஏழும். அதுவரை படிக்கட்டில் இல்லாத இரண்டு பகா எண்களும் இங்கே ஒரே எட்டில் உள்ளே வந்துவிடுகின்றன. கீழ்முந்திரியை மூன்றாகப் பிரித்தால் ஏழு இம்மி. ஏழாகப் பிரித்தால் மூன்று இம்மி. இம்மியும் பிசகாமல் என்று இன்று நாம் சொல்லும் இம்மி இதுதான்.

மனத்தில் எழுதிய ஏடு

இத்தனை பெருக்கலையும் எப்படிச் செய்தார்கள்? காகிதத்தில் அல்ல, மனத்தில். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, உரக்கச் சொல்லி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாத்து என்று வரிசையாகக் கற்றார்கள். பொன்னிலக்கத்தில் எண்ணும் பின்னமும். நெல்லிலக்கத்தில் செவிடு, ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி என்ற முகத்தல் அளவுகள். எண்சுவடியில் பெருக்கல் வாய்பாடு, முழு எண்ணுக்கு மட்டுமல்ல, பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கவும். குழிமாத்தில் நீளத்தை நீளத்தால் பெருக்கிப் பரப்பு காண்பது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ திரட்டச் சொன்ன விவரங்களின்படி, 1826-இல் மாகாணத்தில் இருந்த நாட்டுப் பள்ளிகள் 12,498.

இந்தச் சுவடிகளையும் அவற்றின் சமூகத்தையும் சேர்த்து ஆராய்ந்தவர் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் செந்தில் பாபு. அவருடைய ஆய்வு 2022-இல் ஆங்கில நூலாக வந்தது. எண்சுவடியை வெறும் மனப்பாடம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. நினைவே அங்கே கணிதம் செய்யும் முறையாக இருந்தது என்பதை அந்த ஆய்வு எடுத்துக்காட்டுகிறது. இந்த அறிவு எல்லாரிடமும் சமமாக இல்லை என்பதையும் அது மறைக்கவில்லை. ஏட்டைக் கையில் வைத்திருந்த கணக்கப்பிள்ளைக்கு ஊரின் நிலமும் வரியும் வசப்பட்டன. உழுதவர் அவர் சொன்ன பின்னத்தை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஏடு பிடிக்காத தச்சரும், கொத்தரும், நெசவாளரும் தங்கள் கையிலும் கண்ணிலும் இதே கணக்கை வைத்திருந்தார்கள். அவர்களுடைய கணிதத்தை யாரும் சுவடியில் எழுதிவைக்கவில்லை.

முறை மறைந்த கதை சுருக்கமானது. பதினாறு அணா ரூபாய் இருந்தவரை ஓர் அணா ஒரு வீசம். பின்னப் பேச்சுக்குப் பணமே துணை நின்றது. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் நூறு புதுப் பைசா ஆனது. படியும் பலமும் லிட்டருக்கும் கிலோவுக்கும் வழிவிட்டன. 1980-இல் தமிழ்நாட்டில் பரம்பரைக் கணக்குப்பிள்ளைப் பதவி ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பரம்பரை அதிகாரம் ஒழிந்தது நல்லதே. நாடு முழுவதற்கும் ஒரே அளவு வந்ததும் நல்லதே. ஊருக்கு ஊர் மாறிய படியால் ஏமாந்தவர்கள் ஏழைகள்தான். ஆனால் அதிகாரத்தோடு சேர்த்துக் கணிதத்தையும் நாம் கைவிட்டிருக்கத் தேவையில்லை. 2019 மார்ச்சில் வந்த யூனிகோட் 12.0, தமிழுக்கு 51 குறிகள் கொண்ட ஒரு துணைத் தொகுதியைச் சேர்த்தது. முந்திரி முதல் முக்கால் வரை எல்லாம் அதில் உண்டு. கீழ் என்பதற்கே ஒரு தனிக் குறியெண் உண்டு. எழுதுவதற்கு இடம் கிடைத்துவிட்டது; இனி வேண்டியது கற்பதும் கேட்பதும்.

கற்பதற்கு 16-க்கு 20 கட்டத் தாள் ஒன்று போதும். பின்னம் கற்கத் தொடங்கும் பிள்ளைகள், நான்கைவிட ஐந்து பெரியது, பிறகு 1/5 எப்படி 1/4-ஐவிடச் சிறியதாகும் என்று தடுமாறுவது எல்லா ஆசிரியருக்கும் தெரிந்தது. நாலுமா நான்கு வரிசை, கால் ஐந்து வரிசை என்று அந்தத் தாளில் வண்ணம் தீட்டிய பிள்ளைக்கு அந்தத் தடுமாற்றம் வராது. பின்னம் அதற்கு மேலும் கீழும் எழுதிய இரண்டு எண்களாக இல்லாமல், கையால் தொடக்கூடிய ஓர் அளவாகிவிடும். தொகுதி, பகுதி என்ற பாடம் அதன்பின் வந்தால் போதும்.

கேட்பது இன்னும் அவசரம். தேசூரிலும் ஆரணியிலும் பாவு ஓட்டுகிறவர்கள், அச்சு பிணைக்கிறவர்கள், பழைய நகைக்கடைக்காரர்கள், மரவாடியில் வேலை செய்தவர்கள் எந்தக் கட்டாக எண்ணினார்கள், எதை எதாகப் பிரித்தார்கள், மிச்சத்தை என்ன சொல்லி அழைத்தார்கள் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளே கேட்டு எழுதலாம். சுப்யிரே என்ற சிறிய மொழியின் எண்களை ஒருவர் உட்கார்ந்து கேட்டு எழுதியதால்தான், மாலியில் ஓர் எண்பது இருப்பது நமக்குத் தெரிகிறது. தஞ்சைக் கணக்கர்கள் கல்லில் வெட்டியதால்தான் அரைச் சதுர மில்லிமீட்டர் தெரிகிறது. நெசவாளரின் எண் எழுதப்படவில்லை என்றால், அது சிறியது என்பதால் அல்ல. யாரும் கேட்கவில்லை என்பதால்தான். பத்து விரலோடு பிறந்த மனிதர்கள் பத்தோடு நின்றுவிடாமல், தங்கள் வேலைக்கு ஏற்ற எண்ணைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். அந்தச் சுதந்திரத்தை அறிந்த பிள்ளை கணக்கைக் கண்டு அஞ்சாது. அதுவும் மனிதர்கள் செய்தது, தானும் செய்யக்கூடியது என்று அதற்குத் தெரிந்திருக்கும்.